ஊட்டி ரேஸ் கோர்ஸும் வாட்ஸ்அப் கதைகளும்



ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தை ஏன் மூடினார்கள் என்பதற்கு நம் குழுக்களில் மூன்று விதமான கதைகள் படித்துவிட்டேன். யாரோ பெரிய தொழிலதிபருக்குக் கைமாறப் போகிறதாம். சூதாட்டம் என்று அரசு தடை போட்டுவிட்டதாம். மூன்றாவதுதான் அருமை: மைதானம் பூமிக்குள் இறங்குகிறதாம், குதிரைகளே ஓட மறுத்துவிட்டனவாம்! தர்மபுரியிலிருந்து உங்களைச் சுற்றுலா கூட்டிப்போனபோது அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தவர்கள் நீங்கள்தான்; குதிரைகள் இல்லை.

விஷயம் வாடகை பாக்கி. அவ்வளவுதான்.

அந்த 52 ஏக்கரும் அரசு நிலம். மெட்ராஸ் ரேஸ் கிளப் குத்தகைக்கு வைத்திருந்தது. 2001-லிருந்து பணம் கட்டவில்லை, பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி 2024 ஜூனில் வருவாய்த்துறை நிலத்தை எடுத்துக்கொண்டது. சூழல் பூங்கா அமைப்பதற்காக அது தோட்டக்கலைத் துறைக்குப் போனது.

அதே கிளப்பின் கிண்டி மைதானக் கணக்கைக் கேளுங்கள். 1940-களில் போட்ட 99 வருஷக் குத்தகை. 160 ஏக்கருக்கு வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். தமிழ் வாத்தியாரான எனக்கே கணக்கு வருகிறது, ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. வாடகையை உயர்த்தப் பத்திரத்தில் இடமில்லை என்றது கிளப். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் 730 கோடி பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அங்கும் சீல் வைத்தார்கள். கிளப் மறுபடி நீதிமன்றம் போனது.

நம் பக்கம் புறம்போக்கில் இரண்டு சென்ட்டில் குடிசை போட்டவனுக்கு நோட்டீஸ் வந்தால் எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இதை ஏன் ஒருத்தரும் ஃபார்வர்டு செய்வதில்லை?

வதந்திகளும் சும்மா முளைக்கவில்லை. பந்தயத்தை ஒழிக்க 1974-ல் நிஜமாகவே சட்டம் வந்தது. ஆனால் 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பூமிக்குள் இறங்குகிற கதையைக் கட்டியவர் அநேகமாக ஊட்டிக்காரர். 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டிய ஏரி இப்போது இருப்பதைவிடப் பெரியது. பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் அந்த ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கின்றன.

இத்தனை கதைகளில் குதிரைக்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சீசனுக்குக் குதிரைகளோடு மலையேறி வந்து, லாயத்துக் குளிரில் அவற்றுக்குத் தீனி வைத்துத் தேய்த்துவிட்டவர்கள் இப்போது எங்கே பிழைக்கிறார்கள்? நம் பிள்ளைகள் சிலர் ஊட்டியிலும் குன்னூரிலும் வேலையில் இருக்கிறீர்கள். விசாரித்து எழுதுங்கள் கண்ணுகளா.