மழையின் முதல் அலசல்

திருப்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பனியன்தான்! இதை நீங்கள் வாசிக்கிற சமயத்தில் உங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் துணிகளில் ஒன்றிரண்டாவது அந்த ஊரில் பிறந்ததாக இருக்கும். நான் திருப்பூருக்குப் புறப்படுகிறேன் என்று தெரிந்ததும், "வரும்போது பையனுக்கு நாலு பனியன் வாங்கி வா" என்று அளவு எழுதிக் கொடுத்தவர்கள் ஐந்து பேர். "அங்கே ஒரு பெரிய குளம் இருக்கிறதாமே, பார்த்துவிட்டு வந்து சொல்லு" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆகையால் குளத்தைப் பற்றியே எழுதுவதென்று தீர்மானித்துவிட்டேன்.

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் கிழக்கே போனால் மண்ணரை வருகிறது. ஒரு காலத்தில் தனிக் கிராமம். இப்போது மாநகராட்சியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தெற்கே நொய்யல் ஆறு. வடக்கே வரிசை வரிசையாகப் பனியன் கம்பெனிகளும், அவற்றில் வேலை செய்வோர் குடியிருக்கும் லைன் வீடுகளும். திறந்திருக்கும் ஜன்னல் வழியாகத் தையல் மிஷின்களின் 'கடகட' சத்தம் விடாமல் கேட்கிறது. ஷிப்டு முடிந்து டிபன் தூக்கோடு வரும் பெண்கள், வாசலில் வெட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டிருக்கும் பாட்டிமார், சரக்கு மூட்டைகளைச் சுமந்து போகும் வண்டிகள் - தெருவில் ஓய்வு என்பதே கிடையாது.

இங்கே மூளிக்குளம் என்று ஒரு குளம் இருக்கிறது. காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லாமல் நிற்கிற பெண்ணை 'மூளி' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? குளமும் பெயருக்கு ஏற்றபடிதான் நெடுநாள் கிடந்தது; சீமைக் கருவேலம் மண்டிப் போயிருந்தது. சில வருஷங்களுக்கு முன்பு ஊர்த் தொண்டர்கள் முனைந்து நின்று தூர் வாரிக் கரையில் மரங்கள் வைத்தார்கள். மெச்ச வேண்டிய காரியம்தான். ஆனால் குளத்தைத் தூர் வாருவது சமையலறையைக் கழுவி விடுவது மாதிரி. அடுத்த வேளை அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காவிட்டால் மறுபடியும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏனுங்க அம்மா, முன்னெல்லாம் மழை பெய்தால் இங்கே எப்படி இருக்குமுங்க?"

"எங்க காலத்துலே மழை பேஞ்சா, மண்ணு குடிச்சுப் போட்டு மிச்சத்தைத்தான் ஆத்துக்குக் குடுக்கும் கண்ணு. சாமத்துலே பேஞ்ச மழைக்கு விடிஞ்சுதான் தண்ணி ஓடும். இப்பப் பத்தே நிமிசம்! ரோட்டுலே ஆளை இழுத்துட்டுப் போவுது. ஊருக்குப் பேரு மண்ணரை. மண்ணு எங்கிருக்குது, நீயே காட்டு பாக்கலாம்!"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தார் ரோடு, சிமெண்டு வாசல், தகரக் கூரை, கல் பதித்த நடைபாதை. காட்டுவதற்கு ஒரு கை மண் அகப்படவில்லை. பெரிய பெரிய இஞ்சினீயர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தைப் பாட்டியம்மாள் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

மண்ணரையைத் தாண்டி அதே சாலையில் இன்னும் கொஞ்சதூரம் போனால், சர்க்கார் பெரியபாளையத்தில் நான் சொன்ன பெரிய குளம். நஞ்சராயன் குளம் என்று பெயர். பல நூறு ஆண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற அரசன் இதைச் செப்பனிட்டதாகச் சொல்கிறார்கள். பரப்பு சுமார் 126 ஹெக்டேர்; அதாவது முந்நூறு ஏக்கருக்கு மேல். சந்து பொந்துகளில் நுழைந்து வந்த கண்ணுக்குத் திடீரென்று அத்தனை தண்ணீரும் அத்தனை ஆகாயமும் தெரியும்போது, அப்பப்பா, சற்று மூச்சு நின்றுதான் போகிறது! இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே வருகின்றன. 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் இங்கே உண்டென்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். 2022-ல் தமிழ்நாட்டின் பதினேழாவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பனியன் ஊருக்கு இப்படியும் ஒரு கௌரவம்!

இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? திருமுருகன்பூண்டிப் பக்கமிருந்து வரும் நல்லாற்றிலிருந்து. நல்லாற்றுக்கு? மழையிலிருந்து. சிக்கலே இங்கேதான். அவிநாசி முதல் திருப்பூர் வரை மழை விழுகிற இடமெல்லாம் இப்போது ஊராகிவிட்டது. புதுச் சுங்குடிச் சேலையை முதல் தடவை தண்ணீரில் அலசினால் என்ன ஆகிறது? வாளி முழுவதும் சாயம். இரண்டாம் அலசலில் குறைகிறது, மூன்றாவதில் தெளிகிறது. ஊரும் அப்படியே. நாலு மாதம் வெயிலில் கிடந்த தெருவின் எண்ணெயும், குப்பையும், சாக்கடைச் சேறும், சோப்புத் தண்ணீரும் முதல் அரைமணி மழையில் ஒன்றாகப் புறப்பட்டுவிடுகின்றன. குளத்துக்குள் போய் அவை சும்மா இருப்பதில்லை. ஆகாயத்தாமரைக்கு அது விருந்து. தண்ணீரின் மேல் பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்கிறது, கீழே காற்றுக் குறைகிறது, மீன் மடிகிறது. மீன் இல்லாத குளத்துக்கு எந்தப் பறவை வரும்?

சாயப்பட்டறைகளைப் பற்றிச் சொல்லாமல் திருப்பூர்த் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. எந்த நிறம் இந்த வருஷத்து நாகரிகம் என்று அறிய நொய்யலைப் பார்த்தால் போதும் என்று ஊரில் வேடிக்கையாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தொட்டியாக மாறிப்போனது வேடிக்கை அல்ல. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்ற ஏற்பாட்டின் பேரில்தான் பிற்பாடு திறந்தார்கள். அழுக்குத் தண்ணீரை வடிகட்டித் திரும்பவும் சாயம் போடவே உபயோகிக்கிறார்கள். மிஞ்சுகிற உப்பைக் காய்ச்சி எடுக்கிறார்கள். செலவு பிடிக்கிற வேலை என்றாலும் நடக்கிறது. மழை இரவுகளில் சிலர் கள்ளத்தனமாகத் திறந்து விடுகிறார்கள் என்ற புகார் மட்டும் ஓய்ந்தபாடில்லை. மழைக்கால்வாய் வேகமாக ஓடினால்தானே அந்தக் கள்ளத்தனத்துக்குச் சௌகரியம்!

"அப்படியானால் ஊர்த் தண்ணீரே குளத்துக்கு வராமல் அடைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். அடைக்கலாம். மழை குறைந்த இந்தச் சீமையில் அடுத்த கோடைக்குள் குளம் கிரிக்கெட் மைதானமாகிவிடும். தண்ணீர் வரவும் வேண்டும்; முதல் அலசல் வராமலும் இருக்க வேண்டும். செய்யக்கூடியது ஒன்றே. ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து, விழுந்த இடத்திலேயே கொஞ்சம் மண்ணில் இறக்கிவிட வேண்டும். மண்ணுக்குள் போன தண்ணீர் கிணறுகளுக்கு ஆகும். அதில் ஒரு பங்கு வடிகட்டப்பட்டு மெள்ள மெள்ள ஓடைக்கும் வந்து சேரும். மிச்சம் ஓடி வருவது மேலே உள்ள குட்டைகளில் தங்கிச் சேற்றை இறக்கிவிட்டு வர வேண்டும். மேல் குளம் நிரம்பிக் கீழ்க் குளத்துக்குப் பாயும்படி நம் முன்னோர் சங்கிலியாக வெட்டி வைத்ததற்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 2011-ல் இருபத்தைந்து வருஷத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பூமிக்கடியில் இன்னும் பெரிய குழாய்களைப் புதைப்பதையே நம்பியிராமல், தெருவோரத்தில் மரக்குழிகளும் மழைத் தோட்டங்களும் அமைத்து, அப்படி மாற்றிய ஒவ்வொரு ஏக்கரிலும் விழும் முதல் ஒரு அங்குல மழையை அங்கேயே பிடித்து வைப்பதுதான் திட்டம். கவனித்தீர்களா, முதல் அங்குலம்!

அந்த ஒரு அங்குலம் நம் வீட்டுக் கணக்கில் எவ்வளவு தெரியுமா? ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் மொண்டால் நூற்றைம்பது குடம்! குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற மண்ணரைப் பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். ஒரு பெண், "அத்தனையும் சாக்கடைக்கா போகுதுங்க?" என்றாள். மழைநீர்ச் சேகரிப்பை நம் ராஜ்யத்தில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். குழி வெட்டாத வீடு குறைவு. வெட்டிய குழியைப் பிறகு எட்டிப் பார்த்த வீடு அதைவிடக் குறைவு. ஜல்லியில் மண் அடைத்துக்கொண்டால் அது குழியல்ல, வெறும் மூடி. ஐப்பசி மழைக்கு முன் ஜல்லியை எடுத்து அலசிப் போடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையை வீட்டு ஆண்பிள்ளைகளிடமிருந்து எப்படி வாங்குவது என்பது உங்கள் சாமர்த்தியம்!

நஞ்சராயன் குளத்துக்குப் போக விரும்புகிறவர்கள் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போவது நல்லது. விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் நடுக்குளத்துக்கு ஒதுங்கிவிடும். பைனாகுலர் இருந்தால் கொண்டு போகலாம். குழந்தைகளுக்குச் சிற்றுண்டியைத் தூக்கில் எடுத்துப் போனால் கரையில் போட்டு வரக் காகிதமோ பிளாஸ்டிக்கோ இருக்காது. திரும்பும் வழியில் பனியன் வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கி வந்த நாலில் இரண்டு அளவு சரியில்லை என்று பையனின் தாயார் குறைபட்டுக்கொண்டார்.