நட்டு ஏன் தானா கழலுது?

நாலு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறோம். ஃபேட்டீக், ஷியர் ஸ்ட்ரெஸ் எல்லாம் எழுதி பாஸ் பண்ணியாச்சு. ஆனா ஸ்டாண்டுல நிக்கிற நம்ம பைக்கோட பின் ஸ்பிராக்கெட்டை எத்தனை நட்டு பிடிச்சிருக்குன்னு கேட்டா, நம்மள்ல பாதிப் பேர் குனிஞ்சுதான் பார்க்கணும்.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது எங்க அண்ணனால. ஆலங்காயத்துல இருந்து வாணியம்பாடி வழியா ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தினமும் 100 சிசி வண்டியில போயிட்டு வர்றான். போன மாசம் பின்னாடி "கடகட"ன்னு சத்தம். நிறுத்திப் பார்த்தா நாலு நட்டுல ஒண்ணு காணோம், இன்னொண்ணு விரலால சுத்துனாலே வருது. செயின் செட் மாத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஹைவேயில 60-ல போகும்போது ஸ்பிராக்கெட் சாய்ஞ்சு செயின் சிக்கியிருந்தா, பின் சக்கரம் அப்படியே லாக் ஆகியிருக்கும். பின்னாடி வர்றது லாரி.

நல்லா முறுக்கின நட்டு எப்படிக் கழலும்? போல்ட்டு உண்மையில ஒரு ஸ்பிரிங் மாதிரி. முறுக்கும்போது அது கொஞ்சம் நீளுது. அந்த இழுவைதான் ரெண்டு பாகத்தையும் அழுத்திப் பிடிக்குது. நாம ஸ்பேனர்ல கொடுக்கிற முறுக்குல சுமார் 10 சதவீதம்தான் இந்த இழுவையா மாறும். மீதியை உராய்வு தின்னுடும். நட்டைப் பிடிச்சு வைக்கிறதும் அதே உராய்வுதான்.

1969-ல கெர்ஹார்ட் யுங்கர்ங்கிற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதனை பண்ணிக் காட்டினார். போல்ட்டோட நீளவாக்குல வர்ற அதிர்வை விட, குறுக்கே வர்ற அசைவுதான் நட்டை வேகமா கழட்டும். குறுக்கே வழுக்குற அந்த நொடியில மரையில உராய்வு பிடிப்பு போயிடுது. நட்டு தானா பின்னாடி சுத்துது. நம்ம ஸ்பிராக்கெட்டுக்கு நடக்கிறதும் இதுதான். ஆக்ஸிலரேட்டர் முறுக்கினா செயின் ஒரு பக்கம் இழுக்கும், விட்டா இழுவை தளரும். ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் இதே கதை. செயின் தொளதொளன்னு இருந்தா அடி இன்னும் பலமா விழும்.

எல்லாரும் நம்புற ஸ்பிரிங் வாஷர் இந்தச் சோதனையில பெருசா உதவல. நட்டை முழுசா இறுக்கினதும் அது தட்டையாயிடும், அவ்வளவுதான்.

அப்போ என்ன செய்யலாம்?

முதல்ல சுத்தம். ஸ்பிராக்கெட் உட்கார்ற இடத்துல பழைய கிரீஸ், மண், துரு இருந்தா அது நாளடைவுல அமுங்கி இழுவை குறையும். அடுத்து, கையேட்டுல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வச்சு, எதிரெதிரா இறுக்கணும். மரையில எண்ணெய் விட்டுட்டு அதே டார்க் கொடுத்தா போல்ட்டு அளவுக்கு மேல நீண்டுடும். நைலான் வளையம் உள்ள நட்டைத் திரும்பத் திரும்பப் போட்டா பிடிப்பு குறையும். புதுசு 10, 20 ரூபாதான். மடக்குற தகடு வாஷர் இருந்தா புதுசு போட்டு மடக்கணும். இல்லேன்னா மரைப் பசை. 1953-ல அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் கண்டுபிடிச்ச லாக்டைட் வகை இது. காத்து படாத இடத்துல, உலோகம் தொட்டா இறுகும். நீலம் போதும், ஸ்பேனராலயே கழட்டலாம். சிவப்பு போட்டா அப்புறம் சூடு காட்டித்தான் எடுக்கணும். முழுசா இறுக ஒரு நாள் விடுங்க.

கடைசியா ஒண்ணு, அது எங்க அப்பாகிட்ட இருந்து. அவர் வாணியம்பாடியில ஒரு தோல் ஷாப்புல ஃபிட்டர். தோல் சுத்துற மர டிரம் நாள் பூரா உருளும். இறுக்கின ஒவ்வொரு நட்டுலயும், பக்கத்து இரும்புலயும் சேர்த்து பெயின்ட்ல ஒரு கோடு இழுத்துடுவார். காலையில கோடு நேரா இல்லேன்னா நட்டு நகர்ந்திருக்கு, அவ்வளவுதான் கணக்கு. "கையில தொட்டுப் பார்த்து எத்தனைடா செக் பண்ணுவ? கண்ணே சொல்லிடும்"னார்.

அண்ணன் வண்டியில இப்போ நாலு வெள்ளைக் கோடு இருக்கு. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டுற சாக்குல குனிஞ்சு ஒரு தடவை பார்த்துக்கிறான். ஹாஸ்டல் ஸ்டாண்டுல என் பெயின்ட் டப்பா இருக்கு. வேணுங்கிறவங்க எடுத்துக்கோங்க, மூடி மட்டும் போட்டு வைங்க.