செராபியம் வாசலில் ஒரு சண்டை

சக்காராவுக்கு வரும் கூட்டம் படிப் பிரமிடோடு திரும்பிவிடும். அங்கிருந்து வடமேற்கே மணலில் கொஞ்சம் நடந்தால் செராபியம். புனிதக் காளைகளைப் புதைத்த பாதாள அறைகள். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் கல் பெட்டிகள். துத்தன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹவார்ட் கார்ட்டரைத் தேடி எகிப்துக்கு வருகிறவர் முதலில் நிற்க வேண்டிய வாசல் இதுதான்.

1905 ஜனவரி 8 அன்று இங்கே ஒரு சண்டை. குடித்துவிட்டு வந்த பிரெஞ்சுப் பயணிகள், உள்ளே இருட்டு, மெழுகுவத்தி இல்லை என்று நுழைவுக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். எகிப்தியக் காவலர்களை அடித்தார்கள். கார்ட்டர் அப்போது தொல்பொருள் துறையின் தலைமை ஆய்வாளர், வயது 30. விஷயம் அறிந்து வந்தவர், தற்காத்துக்கொள்ளுங்கள் என்று காவலர்களிடம் சொன்னார். அவர்களும் திருப்பி அடித்தார்கள்.

ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்த நாட்டில் உள்ளூர்க்காரன் வெள்ளைக்காரன்மேல் கை வைப்பதா! பிரெஞ்சுத் தரப்பு கொதித்தது. பிரிட்டனின் பிரதிநிதி குரோமர் பிரபுவும், துறைத் தலைவர் மாஸ்பெரோவும், ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடு என்றார்கள். கார்ட்டர் மாட்டேன் என்றார். டான்டா நகருக்குத் தூக்கியடித்தார்கள். அந்த ஆண்டே வேலையை உதறினார்.

அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு பிடிமானம் கிடையாது. பட்டம் படித்தவர் இல்லை. நார்ஃபோக்கின் ஸ்வாஃபம் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தை விலங்குகளை வரையும் ஓவியர். 1891-இல், 17 வயதில், பெனி ஹசன் கல்லறைச் சித்திரங்களைப் பிரதியெடுக்க வந்தார். வேலையும் கல்லறையில், படுக்கையும் கல்லறையில். மறு ஆண்டு அமர்னாவில் அகழாய்வு சொல்லிக்கொடுத்த பெட்ரி, பையன் நல்லவன், மனமெல்லாம் ஓவியத்தில், தோண்டும் வேலைக்குத் தேறமாட்டான் என்றே குறித்துவைத்தார்.

வேலை போனபின் அந்த ஓவியம்தான் சோறு போட்டது. லக்சரில் பயணிகளுக்கு நீர்வண்ணப் படங்கள் விற்றுப் பிழைத்தார். பிறகு, அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபுவிடம் அவரைச் சேர்த்துவிட்டவர் அதே மாஸ்பெரோ.

1922 நவம்பர் 4. மன்னர்களின் பள்ளத்தாக்கில் துத்தன்காமன் கல்லறையின் முதல் படி கண்ணில் பட்டது. துத்தன்காமனின் தங்கத்தைப் பற்றிக் கேட்டுச் சலித்தவர்களுக்கும், அதற்குப் பின் கார்ட்டர் உழைத்த பத்தாண்டு தெரியாது. 5,398 பொருள்கள், எண், குறிப்பு அட்டை, ஒளிப்படம். நூல் இற்றுப்போன மணிகள் சிதறாமலிருக்க மெழுகு ஊற்றி இறுக்கி எடுத்த பொறுமை.

தன் நூலில் அவர் அகமது குர்கார், காத் ஹசன் முதலிய எகிப்திய மேஸ்திரிகளுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார். செராபியம் வாசலில் நின்றுவிட்டு வந்தவருக்கு அந்த வரிகளைச் சட்டென்று கடந்துபோக மனம் வராது.