முப்பது விழுக்காட்டில் நின்ற இரவு

2025 செப்டம்பரில் ஓரிரவு, ஓரிக்கையில் உள்ள எங்கள் இல்லத்துக் கணிப்பொறி முரண்டு பிடித்தது. விண்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிடும் என்றறிந்து, அடுத்த இயங்குதளத்துக்கு மாற முனைந்திருந்தோம். முப்பது விழுக்காடு வரை ஏறிய பணி அங்கேயே நின்றது. பின்னர், 'மாற்றங்கள் நீக்கப்படுகின்றன' என்ற அறிவிப்பு தோன்றிற்று. மும்முறை முயன்றோம், மும்முறையும் அதே விடை.

அப்பெட்டிக்குள் மறைந்த எங்கள் அன்னை பேரக்குழந்தைகளுக்குச் சொன்ன கதைகளின் ஒலிப்பதிவு இருந்தது. வேறெங்கும் அதற்குப் படியில்லை. பதற்றத்தில் மின்பொத்தானை அணைக்கக் கை நீண்டது. அன்பர்களே, அதுதான் செய்யத்தகாத செயல். பழைய கோப்புகள் விலகிப் புதியவை அமரும் வேளையில் மின்சாரம் அறுந்தால், இயந்திரம் இரண்டுக்கும் நடுவே திகைத்து நின்றுவிடக்கூடும். பொறுத்திருந்தோம், அது பழைய நிலைக்கே திரும்பியது.

மறுநாள் இதைக் கேட்ட அண்டை வீட்டு நெசவாளர், "பழைய பாவு நுனியைத் தறியிலே விட்டு வச்சுத்தானே தம்பி, புதுப் பாவைப் பிணைக்கிறோம்?" என்றார். எந்த நூலிலும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

2024 சூலை 19-இல் உலகமே இத்தகைய தடுமாற்றத்தைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழைபட்ட திருத்தம் ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளின் நுழைவுச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். பல இடங்களில் ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, 'சேஃப் மோடில்' திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டியதாயிற்று.

எங்கள் நோயோ எளியது. 80070070 என முடிந்த பிழை எண்ணுக்குப் பொருள், வட்டில் இடமில்லை என்பதே. ஒருமுறை பார்த்து மறந்த திரைப்படங்கள் அங்கே குவிந்து கிடந்தன, பழி எங்களுடையதே. முதலில் ஒலிப்பதிவையும் படங்களையும் வெளிவட்டில் படியெடுத்து, அவ்வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். பிறகு திரைப்படங்களையும் தற்காலிகக் கோப்புகளையும் அழித்தோம். திருத்தச் சேவையை நிறுத்தி, அரைகுறையாக இறங்கியிருந்தவற்றை நீக்கி, மீண்டும் தொடங்கினோம்.

விடியற்காலையில் பணி நூறை எட்டியது. முதலில் அன்னையின் குரலைத்தான் ஒலிக்கவிட்டோம். கதையின் நடுவே அவர் இருமும் இடமும், "எதுவரைக்கும் சொன்னேன்?" என்று கேட்கும் இடமும் அப்படியே இருந்தன.