'அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்!' - மயக்கத்தில் இருந்தவரைக் காப்பாற்றிய தழும்பு

அந்த இளைஞருக்கு 24 வயது. ஒல்லியான, உயரமான உடம்பு. இடது காதின் செவிப்பறையில் ஓட்டை, மறுநாள் ஆபரேஷன். மயக்க மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்கீங்களா தம்பி? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்திருக்கா? சிகரெட் பிடிப்பீங்களா?"

பக்கத்தில் நின்ற அம்மா முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். அவனுக்கு டீ குடிக்கிற பழக்கம்கூட கிடையாது!"

மகன் தலையை மட்டும் ஆட்டினார். சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார் மருத்துவர். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் சரியாகவே இருந்தது.

மறுநாள் ஆபரேஷன் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். வென்டிலேட்டர் அலாரம் அடித்தது. காற்றை உள்ளே தள்ள மெஷின் திணறியது. 99-ல் இருந்த ஆக்சிஜன் அளவு 93 ஆனது, பிறகு 88.

விழித்திருப்பவருக்கு நுரையீரல் சுருங்கினால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 'மூச்சு விட முடியல' என்பார். மயக்கத்தில் இருப்பவரால் அதைச் சொல்ல முடியாது. அவருக்காக மானிட்டரும் மெஷினும்தான் பேச வேண்டும். அவையும் 'ஏதோ தப்பு' என்று மட்டுமே சொல்லும். என்ன தப்பு என்று சொல்லாது.

ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். முழு ஆக்சிஜன் கொடுத்து, கையால் பையை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இறுக்கம். டியூப் மடங்கவில்லை, சளியும் அடைக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், வலது பக்கம் சத்தம் கேட்டது. இடது பக்கம் நிசப்தம்.

டியூப் கொஞ்சம் ஆழமாக இறங்கி, வலது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால், டியூப் ஒட்டிய அளவிலேயே இருந்தது. அதற்குள் ரத்த அழுத்தமும் சரியத் தொடங்கியது.

நெஞ்சை மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கினார். இடது மார்பு ஏறி இறங்கவில்லை. விரலால் தட்டினால் காலிப்பானை மாதிரி ஒலித்தது. அக்குளுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு. முன்பு எப்போதோ நெஞ்சில் டியூப் போட்ட தடம் அது!

நுரையீரலில் இருந்து கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்ந்து, நுரையீரலை வெளியிலிருந்து அமுக்குகிறது. மெஷின் தள்ளும் ஒவ்வொரு மூச்சும் அந்தக் காற்றைப் பெருக்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் தடைபடுகிறது. எக்ஸ்ரே எடுக்கக் காத்திருக்க நேரமில்லை.

காறை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, இரண்டாவது விலா இடைவெளியில் ஊசியைச் செருகினார். 'புஸ்...' என்று காற்று வெளியேறியது. ரத்த அழுத்தம் ஏறியது. ஆக்சிஜனும் மெல்ல ஏறியது. பிறகு நெஞ்சில் டியூப் போட்டார்கள். காது ஆபரேஷன் தள்ளிப்போனது.

அடுத்த நாள், அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில் இளைஞர் வாய் திறந்தார்.

"காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப ஒரு தடவை நுரையீரல் சுருங்கிருச்சு டாக்டர். சொன்னா அம்மா பயந்துடுவாங்கன்னு மறைச்சுட்டேன். சிகரெட்டும்தான்..."

ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு மறுபடியும் ஆகலாம். புகைபிடித்தால் ஆபத்து இன்னும் அதிகம். முன்பே தெரிந்தால், மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கசிந்த காற்றை ஊதிப் பெருக்கும் நைட்ரஸ் ஆக்சைடைத் தவிர்ப்பார்கள். மெஷினின் அழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். அலாரம் அடித்தால் முதல் சந்தேகமே நெஞ்சின் மீதுதான் விழும்.

ஆபரேஷனுக்கு முன் ஆஸ்துமா, பழைய நெஞ்சு டியூப், சமீபத்தில் விலாவில் பட்ட அடி, சிகரெட் எதையும் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வீட்டினர் முன்னால் சொல்லத் தயக்கமா? 'தனியாப் பேசணும் டாக்டர்' என்று கேளுங்கள்.

"நேத்து உங்க தழும்பு சொல்லிருச்சு தம்பி. தழும்பு இல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார் மருத்துவர்.

மருந்துப் பையோடு அம்மா உள்ளே வந்தார்.

"அம்மா, கொஞ்சம் உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் மகன்.