கழிவுச் சீட்டிலிருந்து தொடங்கலாம்

முதலீடு பற்றிப் படிக்க ஆசைப்பட்டபோது கையில் கிடைத்தவை அமெரிக்கப் பங்குச் சந்தைப் புத்தகங்களும் இந்திய யூடியூப் காணொளிகளும்தான். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு அவற்றை எங்கே பிரயோகிப்பது என்று விளங்கவில்லை. விளக்கம் வீட்டிலேயே இருந்தது. ஆரையம்பதியில் என் பெரியம்மா நெடுங்காலமாகச் சீட்டுப் பிடிக்கிறவர். இரண்டாம் மாதமே அவசரமாகச் சீட்டெடுத்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது கேட்டார்: “இண்டைக்குக் கையில வாற காசும் பத்து மாதம் கழிச்சு வாற காசும் ஒண்டா மகன்?”

முதலீட்டின் முதற்பாடம் அந்தக் கேள்விதான். பத்துப் பேர், மாதம் பத்தாயிரம், பத்து மாதம். சீட்டின் தொகை ஒரு இலட்சம். அவசரக்காரர் 20,000 கழிவு விட்டு 80,000 எடுக்கிறார். அந்தக் கழிவு எல்லாருக்கும் பிரிவதால் அம்மாதம் ஆளுக்கு 8,000 கட்டினால் போதும். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு முழு இலட்சமும் கிடைக்கும். அவர் கட்டியதோ இலட்சத்துக்குக் குறைவு. அவசரக்காரர் கொடுத்த வட்டி, பொறுத்தவருக்கு இலாபமாகிறது.

அரசாங்கத்தின் திறைசேரி உண்டியலும் இதே முறைதான். 91, 182, 364 நாள் என்று மூன்று தவணைகள். வட்டி 10 வீதமாக இருந்தால், 364 நாளில் ஒரு இலட்சமாகத் திரும்பும் உண்டியலை இன்று ஏறத்தாழ 91,000 ரூபாய்க்கு வாங்கலாம். இங்கே கழிவு விட்டுக் காசெடுப்பது அரசாங்கம். இதை நான் சொன்னபோது பெரியம்மா ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அப்படி விளக்கவில்லை.

வாவியின் இருபுறமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பெண்கள் இந்தக் கணக்கை மனதிலேயே போடுவார்கள். ஆனால் கிழமைக் கடன்காரர் வாசலுக்கு வரும்போது அந்தக் கணக்கைப் போட விடுவதில்லை. “24 வீதம்தான் அக்கா” என்று ஒரு இலட்சத்தைத் தந்து, 52 கிழமைகள், கிழமைக்கு 2,385 ரூபாய் வாங்குகிறார். அரைவருடத்தில் பாதி முதல் திரும்பிப் போய்விடுகிறது. வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. உண்மையான வருட வட்டி 40 வீதத்தையும் தாண்டும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை 2018இல் அரசு தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. இப்படிப்பட்ட கடன் தலைக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு, அதைக் கட்டி முடிப்பதைவிடப் பெரிய முதலீடு கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டுவிட்டால் போதும் என்று நம்பியிருந்தவர்களுக்கு 2022 ஒரு அடி. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஆனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வைப்பில் இருந்த காசு குறையவில்லை, அதற்கு வாங்கக்கூடிய அரிசி குறைந்தது. தங்கப் பவுண் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று நம் அம்மாமார் காணியும் நகையும் காசுமாகப் பிரித்து வைத்தது சும்மா அல்ல.

பங்குச் சந்தைக்கு இப்போது கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. 2020 முதல் கைபேசியிலேயே கணக்குத் திறக்கலாம். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் தரகும் கட்டணங்களுமாக 1.12 வீதம் போகும் என்பதால், அடிக்கடி வாங்கி விற்பவருக்கு மிஞ்சுவது கொஞ்சம். 2022 சனவரியில் 13,000ஐத் தாண்டி நின்ற விலைச்சுட்டி ஏப்ரல் முடிவதற்குள் 8,000க்குக் கீழே விழுந்தது. பிறகு ஏறியது உண்மை. 2024 முடிவில் 15,000க்கும் மேலே போனது. காத்திருக்க முடிந்தவர்களுக்குத்தான் அந்த ஏற்றம். பெரும்போக வேளாண்மை வெட்டி வந்த காசு ஐப்பசி விதைப்புக்கு மறுபடி வேண்டும். அந்தக் காசைப் பங்கில் போடக் கூடாது. ஐந்தாறு வருடம் தேடாத காசைப் போடலாம், அதுவும் கம்பனியின் ஆண்டறிக்கையை வாசித்துவிட்டு.

மறுபடி சீட்டுக்கு வந்தால், அதற்கு உத்தரவாதம், அதைப் பிடிக்கிறவரின் சொல் மட்டுமே. உரிமம் பெற்ற வங்கிக்கும் நிதிக் கம்பனிக்கும் வைப்புக் காப்புறுதி உண்டு. 2021 முதல் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை. 2020இல் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் இரத்தானபோது வைப்பாளர்களுக்குக் கைகொடுத்தது இந்தக் காப்புறுதிதான். “இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடு, காசு இரட்டிக்கும்” என்கிற பிரமிட் திட்டத்துக்கோ ஒரு பாதுகாப்பும் இல்லை. அதற்கு ஆள் சேர்ப்பது வங்கிச் சட்டத்தின் கீழ்க் குற்றம். அதைக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அந்நியர் அல்ல, மச்சானோ கூடப் படித்தவரோதான். அவர் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் தவணை கேளுங்கள். மத்திய வங்கியின் 1935ஆம் இலக்கத்துக்கு அழைத்து, அந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.