ஏ.ஆர். போதுமா?

கல்வியாண்டு தொடங்கியதும் வேதியியல் துறைகளில் இண்டெண்ட் (கொள்முதல் பட்டியல்) எழுதும் வேலை வந்துவிடும். பொருளின் பெயர், அளவு, உத்தேச விலை எல்லாம் கவனமாக நிரப்பப்பட்டிருக்கும். கிரேடு என்ற கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை 'ஏ.ஆர்.' (அனலிட்டிகல் ரீஏஜென்ட்) என்று இருக்கும். நிதி குறைந்த வருடமானால் 'எல்.ஆர்.' (லேபரட்டரி ரீஏஜென்ட்) என்று இருக்கும். முதலாவதில் பணம் வீணாகிறது, இரண்டாவதில் உழைப்பு வீணாகிறது. எந்தச் சோதனைக்கு எந்தப் பாட்டில் என்று தனித்தனியாக யோசித்து எழுதிய பட்டியலை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

*

1888-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில், மெர்க் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் கிராவுக் ஆய்வக வேதிப்பொருட்களின் தூய்மையைச் சோதிப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எந்தப் பொருளில் எந்தெந்த மாசு இருக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. பின்னால் அமெரிக்க வேதியியல் கழகம் ஒரு குழு அமைத்துத் தன் வரையறைகளை வெளியிட்டது. பிரிட்டனில் பி.டி.ஹெச். நிறுவனத்தின் 'அனலார்' முத்திரை வந்தது. இவற்றில் எதுவும் 'இது நூறு சதவீதம் சுத்தம்' என்று சொன்னதில்லை. 'இந்த மாசு இதற்குமேல் இருக்காது' என்றுதான் ஒவ்வொன்றும் எழுதிக்கொடுத்தது. கிரேடு என்பது அந்த உறுதிமொழிதான். அதை வாசிக்காமல் பாட்டிலைத் திறந்தால் கூடுதல் விலை கொடுத்ததற்கு அர்த்தமில்லை.

*

லேபிளில் எல்லோர் கண்ணும் போவது அஸ்ஸே வரிக்கு, அதாவது முக்கியப் பொருள் எத்தனை சதவீதம் என்ற வரிக்கு. 99.5% என்று இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. மிச்சம் அரை சதவீதம் என்றால் 5000 பி.பி.எம். அந்த 5000-இல் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஈரப்பதமாக இருந்தால் பல சோதனைகளுக்குக் கவலையே இல்லை. நீங்கள் அளக்கப்போகும் அதே தனிமமாக இருந்தால் அந்தப் பாட்டில் அந்த வேலைக்கு ஆகாது. அஸ்ஸேக்குக் கீழே சின்ன எழுத்தில் குளோரைடு, சல்ஃபேட், இரும்பு, ஈயம், பொட்டாசியம் என்று வரிசையாக 'அதிகபட்சம்' போட்டிருப்பார்களே, அங்கே கண் போக வேண்டும்.

*

மண் பரிசோதனையை எடுத்துக்கொள்கிறேன். பயிருக்குக் கிடைக்கக்கூடிய பொட்டாசியத்தை அறிய 5 கிராம் மண்ணுடன் 25 மி.லி. நார்மல் அம்மோனியம் அசிடேட் கரைசல் சேர்த்துக் குலுக்கி, வடிகட்டி, ஃபிளேம் போட்டோமீட்டரில் வைக்கிறோம். ஒரு லிட்டர் கரைசலுக்கு 77 கிராம் உப்பு. ஆகவே 25 மி.லி.யில் ஏறத்தாழ 1.93 கிராம் இருக்கும். அந்த உப்பின் லேபிளில் பொட்டாசியம் அதிகபட்சம் 0.005% என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்ன எண்தான். கணக்குப் போட்டால் 96 மைக்ரோகிராம் பொட்டாசியம் மண்ணிலிருந்து வராமல் பாட்டிலிலிருந்து வந்துவிடும். 5 கிராம் மண்ணுக்கு வகுத்தால் 19 பி.பி.எம்.; 2.24-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 43 கிலோ.

ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் பொட்டாசியம் 'குறைவு', 280 வரை 'மத்திமம்' என்று மண்வள அட்டையில் எழுதுகிறோம். உண்மையில் 90 கிலோ இருக்கும் மண் 133 என்று காட்டி மத்திமம் ஆகிவிடும். அதை நம்பி விவசாயி பொட்டாஷைக் குறைத்துக்கொள்வார்.

இதற்கு மருந்து உண்டு. ஸ்டாண்டர்டு கரைசல்களையும் பூஜ்ஜியம் வைக்கும் கரைசலையும் அதே அம்மோனியம் அசிடேட்டில் தயாரித்தால் இந்த 43 கிலோ கழிந்துபோகும். ஆனால் ஸ்டாண்டர்டை ஒரு பாட்டிலில் தயாரித்துவிட்டு, மண்ணுக்கு வேறு பேட்ச் பாட்டிலை உடைத்தால் கழியாது. சாம்பிள் குவிந்து கிடக்கும் நாளில் நடக்கும் தவறு இதுதான். கிரேடு அளவுக்கு பேட்ச் நம்பரும் முக்கியம். ரெக்கார்டு நோட்டில் அதையும் எழுதி வைக்க வேண்டும்.

*

குடிநீரில் ஈயம் பார்ப்பது இன்னும் கடினம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 0.01 மி.கி., அதாவது 10 பி.பி.பி. 100 மி.லி. நீரில் 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துச் செரிக்க வைக்கிறோம் என்றால் அமிலத்தின் எடை 7 கிராம். லேபிள் ஈயத்துக்கு 0.00005% வரை இடம் கொடுத்திருந்தால் அந்த 7 கிராமில் 3.5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். நீரில் ஈயமே இல்லாவிட்டாலும் கருவி 35 பி.பி.பி. காட்டும். உள்ளே இருப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம்தான். லேபிள் அதற்கு உறுதி தரவில்லை. பிளாங்க் கழிக்கலாமே என்பார்கள். 35-ஐக் கழித்து 5-ஐக் கண்டுபிடிக்க முயல்வது அளவீடு ஆகாது. இந்த வேலைக்கு டிரேஸ் மெட்டல் கிரேடு அமிலம்தான் வேண்டும். அது பல நேரம் கண்ணாடி பாட்டிலில் வராமல் ஃபுளோரோபாலிமர் பாட்டிலில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. அமிலம் கண்ணாடியிலிருந்தே உலோகத்தை இழுத்துக்கொள்ளும்.

*

கிளேர் பேட்டர்சனின் கதையை ஒவ்வொரு பகுப்பாய்வு வேதியியல் வகுப்பிலும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பாறையிலும் விண்கல்லிலும் உள்ள ஈய ஐசோடோப்புகளை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முனைந்தவர். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. தேடிப் பார்த்தால் காற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் கண்ணாடிக் கலங்களிலும் வாங்கிய அமிலங்களிலும் ஈயம். கால்டெக்கில் தனியாக ஒரு தூய்மை ஆய்வகம் அமைத்து, வாங்கிய ரீஏஜென்ட்டுகளைத் தாமே மீண்டும் சுத்திகரித்துப் பயன்படுத்தினார். 455 கோடி ஆண்டுகள் என்ற விடை 1956-இல் வெளியானது. பெட்ரோலில் கலந்த ஈயம் உலகம் முழுக்கப் பரவிக் கிடப்பதை அவர் பிற்பாடு எடுத்துச் சொன்னதும் இந்த அனுபவத்திலிருந்துதான். தன் அமிலத்தைச் சந்தேகிக்கத் தெரிந்த ஒருவரால் எவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது!

*

எதிர்ப்பக்கம். சோடியம் ஹைட்ராக்சைடை ஏ.ஆர்.தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். டைட்ரேஷனுக்கு என்றால் பெரும்பாலும் தேவையில்லை. மூடியைத் திறந்து நான்கு வில்லைகளை வாட்ச் கிளாஸில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மேல்புறம் மினுமினுக்கும், பிறகு கண்ணாடியில் ஈரம் தேங்கும். காற்றிலிருந்து நீரையும் கார்பன் டைஆக்சைடையும் அது குடித்துக்கொண்டே இருக்கிறது. எடை போடும் தராசில் எண் நிற்காமல் ஏறும். எந்தக் கிரேடு வாங்கினாலும் எடையை நம்பிக் கரைசல் தயாரிக்க முடியாத பொருள் அது. ஆக்சாலிக் அமிலமோ பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டோ கொண்டு செறிவைத் தீர்மானிக்கத்தான் போகிறோம். காசைக் கொட்ட வேண்டிய இடம் அந்த இரண்டாவது பாட்டில். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கும் இதே நியாயம்தான்.

பிளஸ் டூ மாணவர் பியூரெட்டைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் மேசையில் பிரைமரி ஸ்டாண்டர்டு ஒன்று ஏ.ஆர்., மற்றவை எல்.ஆர். என்றால் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிப்பெட் வாங்கலாம்.

*

கமர்ஷியல் கிரேடு போதுமான இடங்கள்: கண்ணாடி கழுவும் அசிட்டோன் (கடைசி அலசல் தவிர), சிந்திய அமிலத்தை நடுநிலையாக்கும் சோடா, ஐஸ் பாத்துக்குக் கல் உப்பு. கரிமச் சேர்மத் தயாரிப்பில் பல நேரம் எல்.ஆர். போதும், விளைபொருளை எப்படியும் மறுபடிகமாக்கத்தான் போகிறோம்.

*

தண்ணீரை யாரும் இண்டெண்ட்டில் எழுதுவதில்லை. ஆனால் கரைசலில் அதிகம் இருப்பது அதுதான். ஐ.எஸ்.ஓ. 3696 ஆய்வக நீரை மூன்று தரமாகப் பிரிக்கிறது. மின்கடத்துதிறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு முதல் தரம் 0.1, இரண்டாம் தரம் 1, மூன்றாம் தரம் 5 மைக்ரோசீமென்ஸுக்கு மிகாமல் இருக்க வேண்டும். சாதாரண டைட்ரேஷனுக்கு மூன்றாம் தரம் போதும். பேட்டரிக் கடையில் வாங்கிய கேன் எந்தத் தரம் என்று கேனுக்கே தெரியாது. ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து இரண்டு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால்போல் லேசாகக் கலங்கினாலே அந்த நீரில் குளோரைடு இருக்கிறது, அதில் ஏ.ஆர். உப்பைக் கரைப்பது வீண். முதல் தர நீரும் திறந்து வைத்த கேனில் முதல் தரமாக நீடிக்காது, காற்றிலிருந்தே கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துக்கொள்ளும்.

*

ஹெச்.பி.எல்.சி. கிரேடு மெத்தனால் ஏன் இவ்வளவு விலை, ஏ.ஆரே 99.8% இருக்கிறதே என்று கேட்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு: சதவீதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் புற ஊதா ஒளியை உறிஞ்சும் நுண்ணிய மாசுகளில். டிடெக்டர் 210 நானோமீட்டரில் பார்க்கும்போது அந்தத் துளி மாசு அடிக்கோட்டைத் தூக்கிவிடும்; கிரேடியன்ட் ஓட்டினால் சாம்பிளில் இல்லாத பீக் எழும். மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து வருவதால் பம்பும் பிரிகைக் குழாயும் அடைபடாமல் தப்பிக்கும். அதே மெத்தனாலை சாக்ஸ்லெட்டில் இலைப்பொடி வடிக்க ஊற்றுவது அநியாயச் செலவு.

உயிரியல் பக்கம் கேள்வியே வேறு. மாலிக்யுலர் பயாலஜி கிரேடு சோடியம் குளோரைடு தரும் உறுதி நியூக்ளியேஸ் நொதிகள் இல்லை என்பது. 99.9% ஏ.ஆர். உப்பில் அதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். ஆர்.என்.ஏ. காணாமல்போக ஒரு துளி நொதி போதும்.

*

வேண்டுமென்றே சேர்த்த 'மாசு' ஒன்று உண்டு. குளோரோஃபார்மில் அரை முதல் ஒரு சதவீதம் எத்தனால் சேர்த்திருப்பார்கள், அல்லது கொஞ்சம் அமிலீன். இல்லையென்றால் காற்றும் வெளிச்சமும் பட்டு ஃபாஸ்ஜீன் உண்டாகும். டெட்ராஹைட்ரோஃபியூரானில் பி.ஹெச்.டி. (பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன்) இருக்கும், பெராக்சைடு சேராமல் தடுக்க. ஸ்டெபிலைசர் இல்லாததை வாங்கினால் திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஈதரையோ டெட்ராஹைட்ரோஃபியூரானையோ மூடி திருகிப் பார்ப்பதும் ஆபத்து. இங்கே அதிகச் சுத்தம் அதிக அபாயம்.

*

ஐ.பி., பி.பி., யு.எஸ்.பி. என்ற மருந்தியல் கிரேடுகளை ஏ.ஆருக்கு மேலே அல்லது கீழே என்று ஒரே ஏணியில் வைத்துப் பேசுகிறார்கள். ஏணி இரண்டு. ஏ.ஆரில் பார்ப்பது சோதனையைக் கெடுக்கும் மாசுகளை, ஐ.பி.யில் பார்ப்பது உடம்பைக் கெடுக்கும் மாசுகளை. ஏ.ஆர். பொருளை மருந்திலோ உணவிலோ சேர்க்கக் கூடாது. தொழிற்சாலை கிரேடைச் சேர்ப்பது கொலைக்குச் சமம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டு 14 பேர் இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6% இருந்தது; மருந்தியல் தரமில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் பயன்படுத்தப்பட்டதையும் ஆய்வுக்குப் போனவர்கள் பதிவு செய்தார்கள். மூலப்பொருளில் டைஎத்திலீன் கிளைக்காலுக்கான வரம்பு 0.1%. உள்ளே வந்த டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்து கேஸ் குரோமட்டோகிராஃபில் ஓட்டியிருந்தால் அந்தக் குழந்தைகள் இருந்திருப்பார்கள். லேபிளை வாசிப்பது, வாசித்ததைச் சோதிப்பது இரண்டும் படிப்புக்கான சடங்கு என்று நினைக்கும் மாணவர்களிடம் அந்த 48.6 என்ற எண்ணைத்தான் சொல்கிறேன்.

*

திறந்தபின் கிரேடு நம் கையில். ஈர ஸ்பேட்சுலாவை விட்ட நிமிடமே ஏ.ஆர். போய்விட்டது. அதிகமாக எடுத்ததை மறுபடி பாட்டிலில் கொட்டக் கூடாது. திரவத்தை பாட்டிலுக்குள் பிப்பெட் விட்டு உறிஞ்சக் கூடாது, பீக்கரில் ஊற்றி எடுக்க வேண்டும். முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறோம், பிறகு யாரும் பார்ப்பதில்லை.

*

கொட்டேஷன் முறையில் குறைந்த விலைக்காரருக்குத்தான் ஆர்டர் போகும். 'நைட்ரிக் அமிலம், ஏ.ஆர்.' என்று மட்டும் எழுதினால் சந்தையில் இருப்பதிலேயே மலிவான ஏ.ஆர். வந்து இறங்கும், குறை சொல்லவும் முடியாது. ஏ.ஆர். என்ற பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த வரம்புகளையே வைத்திருக்கிறது, எல்.ஆருக்கும் 'எக்ஸ்ட்ரா பியூர்' போன்ற பெயர்களுக்கும் பொதுவான வரையறையே கிடையாது.

ஆகவே இண்டெண்ட் எழுதும் சக ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எதை அளக்கப்போகிறீர்களோ அந்தத் தனிமத்தின் பெயரையும் அதற்கு நீங்கள் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவையும் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த பேட்ச்சின் பகுப்பாய்வுச் சான்றிதழ் வந்து சேரும்வரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலான கம்பெனிகள் கொடுத்துவிடுகின்றன.